அவர் பங்குக்கு நான் நடந்தது

என் வீட்டுக்காரர் தபால்காரர். இருபது வருடத்துக்கும் மேலாகத் திருவண்ணாமலைத் தெருக்களில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தவர். சைக்கிள் பிறகுதான் வந்தது. வந்த பிறகும் பாதி நேரம் அதைத் தள்ளிக்கொண்டுதான் போவார். வாசலுக்கு வாசல் ஏறி இறங்குவதற்கு நடந்துவிடுவதே மேல் என்பார். அது போதாதென்று, பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுவார். ஒன்பது மைலுக்குப் பக்கம், வழியில் திசைக்கொன்றாக எட்டு லிங்கக் கோயில்கள். அன்றைக்கெல்லாம் இப்போதுபோல் கூட்டம் கிடையாது. உள்ளூர்க்காரர்களும், வேண்டுதல் உள்ளவர்களும், நாலைந்து சாமியார்களும்தான் நடப்பார்கள்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குத்தான் நாற்பத்து நாலு வயதில் நெஞ்சு வலி வந்தது. எழுபதுகளின் நடுவில், ஒரு மத்தியானம். மணியார்டர் கொடுக்கப் போன வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். வியர்த்துக் கொட்டியதாம். அந்த வீட்டுக்காரர்களே வண்டி பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் தையல் மெஷினில் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை வைத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. அந்த ரவிக்கையை அப்புறம் யார் முடித்தார்கள் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

இவ்வளவு நடக்கிறவருக்கு எப்படி நெஞ்சு வலி வரும் என்று எனக்குப் புரியவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் புரிந்திருந்தது. "நடந்து நடந்தே தேஞ்சு போச்சு" என்றார்கள். தையல் மெஷின் ஓடி ஓடிப் பெல்ட் தேய்வதைப் பார்க்கிறவள் நான். எனக்கும் அது சரியென்றே பட்டது. ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பாரே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பார்க்க வந்த ஆண்களில் பாதிப் பேர் சட்டைப் பையிலும் அது இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றால் மலை தெரியும். எங்கள் ஊரில் எங்கே நின்றாலும் தெரியும், தெரியாத இடத்தைத்தான் தேட வேண்டும். உள்ளே அவர் மூக்கில் குழாயோடு படுத்திருக்க, நான் மலையைப் பார்த்துப் பேரம் பேசினேன். வேறு என்ன சொல்வது, பேரம்தான். அவரைத் திருப்பிக் கொடு, இனிமேல் அவர் சுற்ற வேண்டிய சுற்றையெல்லாம் நான் சுற்றுகிறேன், ஒரு பௌர்ணமிகூட விடமாட்டேன், அவரை விட்டுவிடு. அவர் பிழைத்தார். மூன்றாம் வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். வயதானவர், நல்ல மனுஷர். "பீடி தொடக் கூடாது. உப்பு கம்மி பண்ணுங்க. நெய், ஊறுகா, அப்பளம் வேணாம். இன்னும் ஆறு வாரம் படுக்கையிலயே இருக்கட்டும். அப்புறமும் பையத் தூக்கிக்கிட்டு அலையற வேலை வேணாம்." எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு இவர் ஒன்றே ஒன்று கேட்டார். "பௌர்ணமிக்கு மலை சுத்துவேங்க. அது?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "மூணு மாசம் கழிச்சு வாங்க, பார்த்துச் சொல்றேன்" என்றார்.

மூன்று மாதம் கழித்து நான் அவரை அழைத்துப் போகவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான். போனால் டாக்டர் 'சுத்தட்டும்' என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். சொல்லிவிட்டால் இவர் கிளம்பிவிடுவார், அடி அண்ணாமலை தாண்டி ஏதோ ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார், எனக்கு ஆள் வந்து சொல்வார்கள். மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு நான் மட்டும் போய் வந்தேன். "எப்படிம்மா இருக்காரு?" என்பார் டாக்டர். "நல்லா இருக்காருங்க" என்பேன். இரண்டு வருடத்தில் அந்த டாக்டர் தன் மகன் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்வது. உப்பைக் கம்மி பண்ணு என்றார்களே, எவ்வளவு கம்மி என்று யாரும் சொல்லவில்லை. முதலில் பாதி போட்டேன். பிறகு பாதியில் பாதி. ஒரு மாதம் சுத்தமாக நிறுத்திப் பார்த்தேன், அவர் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு "வெந்நீர் நல்லா இருக்குது" என்றார். மறுபடி ஒரு சிட்டிகை போட்டேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் அண்ணன் வருடா வருடம் கொடுத்தனுப்பும் வேர்க்கடலை எண்ணெயை ஒருத்தர் ஆகாது என்றார், நல்லெண்ணெய்க்கு மாறினேன். அதுவும் சூடு என்றார் இன்னொருத்தர். நெய்தானே கூடாது என்று தோசைக்கு வனஸ்பதி ஊற்றினேன். செடியிலிருந்து வருவது என்று டப்பாவில் படமே போட்டிருந்தான், அதனால் தாராளமாகவே ஊற்றினேன்.

பக்கத்து வீட்டு அக்கா பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரின் மனைவி. அந்தத் தெருவில் நாலு தலைமுறையாக இருக்கிறார்கள். "பூண்டைப் பால்ல வேக வெச்சுக் குடும்மா, எங்க மாமனாருக்கு அதான் கேட்டுது" என்றாள். கொடுத்தேன். தபால் ஆபீஸில் ஒருவர் மருதம்பட்டைக் கஷாயம் என்றார். அதையும் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா கூடாதா என்று கேட்க ஆளில்லாமல் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நானே வைத்துக்கொண்டேன். முட்டை கூடாது என்றது ரேடியோ. முட்டை இல்லாவிட்டால் தெம்பு எப்படி வரும் என்றாள் அக்கா. ஒரு வாரம் ரேடியோ பக்கம், ஒரு வாரம் அக்கா பக்கம் என்று போனது. அவர் எதைப் போட்டாலும் சாப்பிட்டார். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிற வழக்கத்தையே விட்டுவிட்டார்.

ஒன்றில் மட்டும் எனக்குக் குழப்பமே இல்லை. அவர் நடக்கக் கூடாது. தபால் ஆபீஸுக்கு நானே போய் நின்று, கெஞ்சி, அவரை உள்ளே உட்கார்ந்து தபால் பிரிக்கிற வேலைக்கு மாற்ற வைத்தேன். போக வர ரிக்ஷா. வீட்டில் ஒரு குடம் தண்ணீரை நகர்த்த விடமாட்டேன். மாடிக்கு ஏற விடமாட்டேன். கீழே விழுந்த துண்டை அவர் குனிந்து எடுப்பதற்குள் நான் எடுத்துவிடுவேன். ஊரில் எல்லாரும் என்னை மெச்சினார்கள். புருஷனை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறாள் என்றார்கள், எனக்கும் அதைக் கேட்கப் பிடித்திருந்தது.

வருடம் ஏற ஏற அவருக்குத் தொப்பை விழுந்தது. வேட்டி கட்டி நிமிர்ந்தால் மூச்சு வாங்கியது. பார்த்தாயா, இன்னும் சரியாகவில்லை என்று நான் ரிக்ஷாவை வாசலுக்கே வரச் சொன்னேன். இன்னும் மூச்சு வாங்கியது. தெருவில் உலாத்துவதையும் நிறுத்தச் சொன்னேன்.

நான் மட்டும் நடந்தேன். பௌர்ணமியன்று விடியற்காலையில் அவருக்குக் கஞ்சி வைத்து மூடிவிட்டு, அக்காவிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். "நேர்ந்துக்கினா செஞ்சுதான் ஆவணும், நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்பாள் அவள். முதல் நாலைந்து மாதம் காலெல்லாம் கொப்பளம். வெறுங்காலோடுதானே நடக்க வேண்டும். அப்போது பாதி வழி சரளைக்கல். பிறகு பழகிவிட்டது. பழகியது மட்டுமா, அந்த நடையில் எனக்கு ருசி தட்டிவிட்டது. மெஷின் மிதித்து மிதித்து இருந்த முழங்கால் வலி போனது. மாதத்தில் அந்த நாலு மணி நேரம்தான் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் இடையில் கால் சும்மா இருக்கவில்லை. காய்கறிக்கு மார்க்கெட்டுக்கு, துணி கொடுக்க வாங்க என்று ஊர் முழுக்க நடந்தே போனேன். இதை அன்றைக்கு யாரிடமும் சொன்னதில்லை. அவருக்காக வாங்கிக்கொண்ட கஷ்டம் சந்தோஷமாக இருக்கிறது என்று எப்படிச் சொல்வது.

ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து விபூதியை அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் பூசுவேன். அவர் கேட்பார். "அடி அண்ணாமலைக் கொளத்துல தண்ணி நிக்குதா?" "அந்த வளைவுல இருந்த மாமரம் இருக்குதா, வெட்டிட்டானா?" "குபேர லிங்கத்துக்கிட்ட ரோடு போட்டாங்களா?" நான் கஞ்சி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொல்வேன். ஊருக்கெல்லாம் சேதி கொண்டு போனவருக்கு நான் சேதி கொண்டு வந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பக்தியில் மூடுகிறார் என்று நினைத்தேன்.

இப்படி ஒன்பது வருடம் போனது.

எண்பதுகளில் எங்கள் பக்கம் ஒரு இளம் பெண் டாக்டராக வந்து உட்கார்ந்தாள். இவருக்கு மூச்சு வாங்குவது ஜாஸ்தியாகி, தபால் ஆபீஸின் மூன்று படிக்கே நிற்க ஆரம்பித்ததால் அவளிடம் கூட்டிப் போனேன். எடை பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தாள். பழைய சீட்டுகளையெல்லாம் நிதானமாகப் படித்தாள். பிறகு கேட்டாள்.

"தினம் எவ்வளவு தூரம் நடக்கறாரு?"

"அவரு நடக்கறதில்லீங்க" என்றேன். "அவருக்கு நான் நடக்கறேன்."

டாக்டருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். வேண்டுதலைச் சொன்னேன், ஒன்பது வருடத்தைச் சொன்னேன், ஒரு பௌர்ணமிகூட விடவில்லை என்பதைச் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேனாவை மூடி வைத்துவிட்டு என் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். எனக்கும் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லம்மா. ரொம்ப நல்லா இருக்கீங்க. இவருக்கு வர வேண்டியது உங்களுக்கு வந்திருக்குது."

நான் நன்றாக இருக்கிறேன் என்று கேட்டு அவ்வளவு வெட்கப்பட்டது அன்றைக்குத்தான். அவர் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"அந்த டாக்டர் படுக்க வெக்கச் சொன்னாரே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஆறு வாரம் சொல்லியிருக்காரு. அப்போ அப்படித்தான் சொல்லுவாங்க, தப்பில்ல. இப்போ அவ்வளவு நாள்கூட படுக்க வெக்கறதில்ல. இவரு ஒன்பது வருஷம் உக்காந்திருக்காரு."

"நடந்து நடந்துதானே வலியே வந்துது?"

"நடையினால வரலம்மா. நடந்ததனாலதான் பொழச்சாரோ என்னமோ. பீடி விட்டது ரொம்ப நல்லது. உப்பு கம்மி பண்ணீங்களே, அதுவும் நல்லது." எண்ணெய் என்ன என்று கேட்டாள். வனஸ்பதியைச் சொன்னதும் நெற்றியைச் சுருக்கினாள். "நெய்யி வேணாம்னுட்டு அத ஊத்தினீங்களா? அதுவும் வேணாம்." பிறகு அவரைப் பார்த்துச் சொன்னாள். "மொதல்ல பத்து நிமிஷம். சமதரையில, மெல்ல. ரெண்டு வாரத்துக்கு ஒருதரம் இன்னும் அஞ்சு நிமிஷம் கூட்டலாம், இப்போதைக்கு அரை மணி நேரத்துக்கு மேல வேணாம். மூச்சு வாங்கினா நின்னுடணும். நெஞ்சுல ஏதாவது பண்ணா ஒடனே இங்க வரணும்."

அவர் அவள் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பழைய டாக்டர் மூன்று மாதத்தில் வரச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அன்றைக்கு என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் எனக்குத் தலை சுற்றியது. இத்தனை நாள் தப்பு செய்தேனா, இந்தச் சின்னப் பெண் தப்பு சொல்கிறாளா? ஒரு டாக்டர் படு என்றார், ஒரு டாக்டர் நட என்கிறாள், நாளைக்கு ஒருத்தர் வந்து ஓடு என்று சொன்னால்? வேண்டுதல் வேறு இருக்கிறது. அவர் சுற்றை நான் எடுத்துக்கொள்கிறேன், அவரை விட்டுவிடு என்றுதானே பேசியிருக்கிறேன். இப்போது அவரும் நடந்தால் பேச்சு மீறியதாகிவிடாதா? அக்காவிடம் கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நேர்ந்துக்கினவ நீ, எனக்கு இன்னா தெரியும். ஆனா மனுசன் நல்லா இருக்கணும்னுதானம்மா நேர்ந்துக்கினே" என்றாள். அதுவும் எனக்கு உதவவில்லை. நடந்து அவருக்கு ஏதாவது ஆனால் கொன்றது நான். நடக்காமல் ஆனாலும் நான்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் தினமும் சோறு வடித்தேன்.

அவர் நடக்க ஆரம்பித்தார். காலையில் தெருக்கோடி வரை. நான் வாசலில் நின்று அவர் தலை தெரிகிற வரை பார்ப்பேன், தெரியாவிட்டால் செருப்பு மாட்டாமல் ஓடுவேன். ஒரு மாதத்தில் தேரடி வரை போய் வந்தார். இரண்டாம் மாதம் முடிவதற்குள் அரை மணி நேரம் நடந்தார். ரிக்ஷாக்காரர் என்னை முறைத்தார்.

அந்த மாதப் பௌர்ணமியன்று விடியற்காலையில் நான் கஞ்சி வைத்துவிட்டுத் திரும்பினால் அவர் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார்.

"நானும் வரேன்."

"டாக்டர் அரை மணி நேரம்தான் சொல்லியிருக்காங்க."

"அரை மணி நேரம் வரேன். அக்னி லிங்கத்துல ரிக்ஷா ஏறிடறேன்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஒன்பது வருடமாகச் சொன்ன சொல்தான், அன்றைக்கு வரவில்லை. சரி என்றேன். கிழக்குக் கோபுரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டு இரண்டு பேரும் கிளம்பினோம். எனக்கு மெல்ல நடக்க வரவில்லை. நாலு அடி முன்னால் போய் நிற்பேன், அவர் வந்து சேர்வார், மறுபடி நாலு அடி முன்னால் போய்விடுவேன். அக்னி லிங்கத்தில் ரிக்ஷா ஒன்று நின்றிருந்தது. அவர் அதைப் பார்க்காதவர்போலத் தாண்டினார். கூப்பிட்டேன். கேட்காதவர்போல நடந்தார். செங்கம் ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நடுரோட்டில் நின்று புருஷனிடம் சண்டை போட எனக்குக் கூச்சம். பின்னாலேயே போனேன்.

எம லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் நடை தள்ளாடியது. ஒரு மதகின் மேல் உட்கார்ந்தார். முகமெல்லாம் வியர்வை. ஒரு வீட்டு வாசலில் வியர்த்து உட்கார்ந்தவரை நான் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொல்லித்தான் கேட்டேன். இப்போது என் கண் முன்னால்.

"உக்கார வேற எடமே கெடைக்கலீங்களா உங்களுக்கு" என்றேன்.

அவர் எம லிங்கக் கோயிலைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். கொஞ்ச நேரம் மூச்சை விட்டு விட்டு எடுத்தார். நான் முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தேன். எங்களைத் தாண்டி ஒரு குடும்பம் போனது, குழந்தைகூட வேகமாக நடந்தது. அவர் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெடிப்பு ஓடிக் காய்த்துப்போன, தபால்காரருக்கு இருக்க வேண்டிய கால்.

"நல்லா நடக்கறே நீ" என்றார். "இருபது வருஷம் நடந்தவன் நானு, உன் பின்னால வர முடியல."

நான் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"ஒன்பது வருஷம் நடந்தியே. அதுல எனக்குக் கொஞ்சம் குடுத்திருக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. காப்பியில் இன்னும் கொஞ்சம் பால் விட்டிருக்கலாம் என்பதுபோலத்தான் சொன்னார். உங்களுக்காகத்தானே என்று சொல்லலாம், சொன்னால் அது உண்மைதான். ஆனால் அந்த நடையில் பாதியை எனக்காகவே நடந்தேன் என்பதும் உண்மைதானே. எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

"நீ போயிட்டு வா. கெளம்பிட்டுப் பாதியில திரும்பக் கூடாது. நான் மெல்ல வூட்டுக்குப் போயிடறேன்" என்று எழுந்தார்.

எங்கள் ஊரில் யாரும் பாதியில் திரும்பமாட்டார்கள். மழை கொட்டிய நாளில், காய்ச்சலோடு நடந்த நாளில்கூட நான் திரும்பியதில்லை. மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். நான் மலையைப் பார்த்தேன், அவர் முதுகைப் பார்த்தேன். அவர் வந்த வழியில் பத்தடி போயிருந்தார். திரும்பினேன். மலை இடது கைப் பக்கம் வந்துவிட்டது. எதிரில் வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது மலையிடமா, அவரிடமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் போய்விடாமல், அரை அடி அரை அடியாக நடந்தேன்.

ரிக்ஷா நின்ற இடத்தில் அது இல்லை. அவர் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"வலிக்குதாங்க?" என்றேன்.

"காலுதான்" என்றார்.